மழைக்கு ஒரு பட்டன், அவசரத்துக்கு ஐந்து

ஹெல்ப் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு யாரும் குட்மார்னிங் சொல்வதில்லை. "ஹலோ, ஓடலை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எது ஓடவில்லை என்று கேட்டால் கோபம் வேறு வரும். உங்களில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களாக இருந்தால், அடுத்த முறை பார்க்கும்போது கட்டிக்கொண்டு அழலாம்.

நான் உட்கார்ந்தது கல்கத்தாவில், டல்ஹௌசி பக்கம் ஒரு அரசு நிறுவனத்தில். எங்கள் புகார் சிஸ்டம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்கியது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. வந்தவன் போனவன் எல்லாம் அதில் ஒரு ஒட்டுப் போட்டிருந்தான். திடீரென்று ஒரு நாள், "பழைய வெர்ஷனுக்கு இனிமேல் நாங்கள் பொறுப்பில்லை, புதுசுக்கு மாறுங்கள்" என்று விற்ற கம்பெனி கையை விரித்துவிட்டது.

அப்போது நான் சென்னைக்கு மாற்றல் கேட்டிருந்தேன். என் பெண் நித்யா வங்காளத்தைக் கடகடவென்று படிப்பாள். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டுவாள். ஆறாம் வகுப்பாவது சென்னையில் சேர்த்தே ஆக வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம். ஜூனில் பள்ளிக்கூடம். என் மேலதிகாரி சாட்டர்ஜி சாகேப் ஃபைலை மூடி வைத்துவிட்டு, இனிக்க இனிக்கச் சொன்னார்: "புது சிஸ்டத்தைப் போட்டுக் குடு ஷொங்கர், அன்னிக்கே உன்னை ரிலீவ் பண்றேன்."

(சங்கர் என்ற என் பெயர் அங்கே ஷொங்கர்தான். பழகிவிட்டது.)

மழை பட்டன்

புது சிஸ்டத்தைப் போட கம்பெனி அனுப்பி, பெங்களூரிலிருந்து பிரவீண் என்று ஒரு பையன் வந்தான். டை கட்டியிருந்தான். பழைய சிஸ்டத்தில் என்னென்ன மாற்றம் செய்திருக்கிறோம் என்று தோண்டித் தோண்டிப் பார்த்தவன், ஒரு இடத்தில் திகைத்துப் போய் நின்றான். ஒரு பட்டனைத் தட்டினால், ஆபீசில் உள்ள எல்லாப் புகாரையும் தீர்க்க வேண்டிய கெடு ஓடுவது நின்றுவிடும். "சார், இது எதுக்கு?" என்றான். மழைக்குத்தான்! ஒரு மணி நேரம் பெய்தால் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், மெக்கானிக் எப்படி வருவான்? பந்த் அன்றைக்கும் அதே பட்டன். துர்கா பூஜோ நாட்களில் யாரும் தட்டவே வேண்டாம், அதுவாகவே நின்றுவிடும்.

புது வெர்ஷனில் அதெல்லாம் கிடையாது, உலகம் முழுக்க கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்று மீட்டிங்கில் விளக்கினான் பாவம். கணக்குப் பிரிவின் சீனியர் கோஷால்தா (தா என்றால் அங்கே அண்ணா) மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்களுக்கு வரும் புகாரில் பாதி அவருடையது. மாற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே தும்முவார். அன்று தும்மாமல், மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "சரி தம்பி, கடிகாரம் ஓடட்டும். நீங்க மழையை நிறுத்திக் குடுங்க."

ஐந்து விதமான அவசரம்

முதலில் புகாரின் அவசரத்தைக் குறிக்க 'சாதாரணம்', 'முக்கியம்', 'அவசரம்' என்று மூன்றுதான் இருந்திருக்கின்றன. எல்லாரும் 'அவசரம்' என்றே போட்டதால், எவனோ 'மிக அவசரம்' சேர்த்தான். அடுத்த வாரமே எல்லாரும் அதற்குத் தாவினார்கள். பிறகு வந்த புண்ணியவான் 'நிஜமாகவே அவசரம்' என்று ஒன்று சேர்த்தான். பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தால்கூட அதுதான்.

பிரவீண் பழையபடி மூன்றாக்குவோம் என்றான். நானும் நல்லபிள்ளையாக ஒவ்வொரு மேசையாகப் போய், இனிமேல் சின்னப் புகாருக்கெல்லாம் தயவுசெய்து 'சாதாரணம்' போடுங்கள் என்று கெஞ்சினேன். டெஸ்பாட்ச் பிரிவின் மித்ராதி, அதாவது மித்ரா அக்கா, டிபன் பாக்ஸை மூடிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவசரமில்லாத விஷயத்துக்கு நான் ஏம்ப்பா உன் மூஞ்சியில முழிக்கப் போறேன்?"

சும்மா ஒரு புகார்

புது சிஸ்டத்தைச் சோதிக்க வேண்டும். ஆளுக்குச் சில புகார்களைச் சும்மா கற்பனையாக எழுதிப் போடுங்கள் என்று சுற்றறிக்கை விட்டேன். என்னைப் போல முட்டாள் யாராவது உண்டா? மத்தியானத்துக்குள் வந்து குவிந்துவிட்டது. கேன்டீனில் மீன் துண்டு வரவரச் சிறுத்துப் போகிறது. என் மேசைக்கு மேல் இருக்கும் ஃபேன் பக்கத்து மேசைக்குக் காற்று விடுகிறது. ஜன்னல் பக்கத்து சீட் எனக்கு வர வேண்டியது. கடைசி வரியாக, 'இது கற்பனை' என்று எல்லாரும் ஒழுங்காக எழுதியிருந்தார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சோதனை சிஸ்டத்தை நிஜமான மெயிலிலிருந்து கழற்றிவிட பிரவீண் மறந்துவிட்டான். அந்தந்தப் புகார் அந்தந்த ஆளுக்கே நேராகப் போய்விட்டது. கேன்டீன் மேனேஜர் ஒரு தட்டில் மீன் துண்டோடு மாடியேறி வந்து, இதுவா சின்னது என்று ஒவ்வொருவர் மூக்குக்குக் கீழேயும் நீட்டினார். பிரவீண் டையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். ஏன் கோஷால்தா, கற்பனையாகத்தானே கேட்டேன் என்று நொந்துகொண்டேன். அவர் அசரவில்லை. "நிஜமே இவ்வளவு கிடக்கும்போது, பொய்க்கு எதுக்கு மூளையைக் கசக்கணும்?"

பச்சைதான், ஆனால் அந்தப் பச்சை இல்லை

ஒருவழியாக மே மாதம் புது சிஸ்டம் ஓடத் தொடங்கியது. மழை பட்டனைத் திரும்ப வைத்தோம். ஐந்து அவசரங்களையும் வைத்தோம். புகார் கொடுத்தவரே 'திருப்தி' என்று எழுதினால்தான் புகாரை மூட முடியும் என்ற பழைய வழக்கத்தையும், எல்லாரும் ஒரே குரலில் கேட்டதால், அப்படியே வைத்தோம். ஒரு புகாரும் பாக்கியில்லை என்று காட்டிவிட்டுக் கிளம்பு என்றார் சாட்டர்ஜி சாகேப்.

பாக்கி ஒன்றே ஒன்று. கோஷால்தாவுடையது: "திரை நீலமாக இருக்கிறது. பழைய பச்சை வேண்டும்." நிஜமாகவே அவசரம். பச்சையாக்கினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "பச்சைதான், ஆனா அந்தப் பச்சை இல்லை" என்றார். வேறு பச்சை வைத்தேன். அதுவும் இல்லையாம். எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டில் பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போய், ஒரே வாணலியில் சமையல் நடந்துகொண்டிருந்தது. "ஒரு பச்சைக்காக என் பொண்ணு படிப்பு போகணுமா? நான் வந்து அந்த மனுஷர்கிட்ட பேசறேன்" என்று என் மனைவி வசந்தா செருப்பை மாட்டிக்கொண்டாள். அவளைத் தடுத்துவிட்டு டாலிகஞ்சில் மெட்ரோ ஏறினேன்.

நேராக அவர் மேசைக்குப் போய், "உங்களுக்கு என்னதான் வேணும் கோஷால்தா?" என்று கத்தியே விட்டேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதை மூடினா நீ போயிடுவியே" என்றார்.

இத்தனை வருஷம் இந்த மனிதரின் போன் வந்தாலே எனக்குத் தலைவலிக்கும். அன்றைக்கு அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர், "பொண்ணுக்கு எப்போ ஸ்கூல் திறக்குது?" என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன். விசைப்பலகையை இழுத்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதி, திரையை என் பக்கம் திருப்பிவிட்டார்: "பிரச்சினை தீரவில்லை. ஆனாலும் திருப்தி."

என் சர்வீஸில், குறை தீராமலே திருப்தி என்று எழுதிக் கொடுத்தவர் கோஷால்தா ஒருவர்தான் என்று நான் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், கல்யாணமான நாளிலிருந்து இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று சமையலறையிலிருந்து குரல் வருகிறது.