கன்னத்தில் வைத்த பெயர்

என் மகளுக்குச் சான்றிதழில் ஒரு பெயர் இருக்கிறது. அதை அவள் கேட்டதில்லை. பிறவியிலேயே காது கேளாது. வீட்டில் அவள் பெயர் வேறு: ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையைக் கன்னத்தில் அப்பிக்கொள்வது. கைக்குழந்தையாக மடியில் கிடந்தபோது நான் பேசப் பேச என் கன்னத்தில் அவள் அப்படித்தான் கை வைத்துக்கொள்வாள். பேச்சின் அதிர்வு அவளுக்குப் பிடித்திருந்தது. அதுவே பெயராகிவிட்டது.

அந்தப் பெயரை என் வலது கை கொஞ்சம் கொஞ்சமாக இழந்தது.

முதலில் மோதிரவிரலின் அடியில், உள்ளங்கையில், புளியங்கொட்டை போல ஒரு கட்டி. வலியில்லை. பிறகு அதிலிருந்து தோலுக்கடியில் ஒரு கயிறு எழுந்தது. கயிறு விரலை இழுத்தது, விரல் குனிந்தது, சுண்டுவிரலும் கூடவே போயிற்று. கை மூடும், பிடிக்கும், எழுதும். திறக்க மட்டும் மாட்டேன் என்றது. முகம் கழுவினால் என் விரலே என் கண்ணைக் குத்தியது.

"எழுதி எழுதியே கை மடங்கிப்போச்சு. அந்தப் பேனாவ கீழ வெச்சாதான?" என்றாள் மனைவி.

எங்கள் பக்கத்தில் கைகால் கோணினால் கால்கள் தாமாகவே புத்தூருக்குத் திரும்பும். அங்கே எலும்பு முறிவுக்குக் கட்டு போடுகிறவர் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எலும்பு நல்லா கீதே சாமி. இன்னாத்த நான் கட்றது?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

மகளுக்கு நாயுடுபேட்டையில் கம்பெனி வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவளை, வாசலிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். விரல்முட்டிதான் கன்னத்தில் இடித்தது. அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். 'யார கூப்டற நைனா? எனக்குத் தெரிஞ்சவங்களா?' என்று கையால் கேட்டுவிட்டுச் சிரித்தாள். இரு கைகளைக் கூரையாகச் சேர்த்து 'வீடு' என்றேன். ஒரு பக்கம் கூரை சரிந்தது. அதற்கும் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. சிரிப்பு போய்விட்டிருந்தது. நான் அவளோடு பேசுவதற்கு இருந்ததெல்லாம் அந்தக் கைகள்தானே.

திருப்பதியில் கை சிகிச்சைக்கென்றே இருக்கும் ஒரு மருத்துவரிடம் மூவரும் போனோம். மேஜைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். அடியில் ஒரு எலி ஓடலாம், அவ்வளவு இடைவெளி. தெலுங்கு கலந்த தமிழில் சொன்னார்:

"நரம்பு இல்லீங்க, எலும்பும் இல்ல. தோலுக்கு அடியில ஒரு படலம் உந்தி, இருக்கு. அது தடிச்சி, கயிறாட்டம் ஆகி, விரலை லாகுது, இழுக்குது."

"எழுதறதாலயா மேடம்?" மனைவி முந்திக்கொண்டாள்.

"அதனால இல்லம்மா. பரம்பரையா வரும். சுகர் இருந்தா சான்ஸ் ஜாஸ்தி. உங்க நைனாவுக்கு இப்படி விரல் மடங்கி இருந்துதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சட்டென்று அப்பாவின் கை கண்முன் வந்து நின்றது. கடைசி இரண்டு விரலும் எப்போதும் மடிந்திருக்கும். பீடி பிடிக்கிற கை அப்படித்தான் என்றிருந்தோம். பீடியை விட்ட பிறகும் அவை நிமிரவில்லை, யாரும் கவனிக்கவில்லை. ஒரு பீடிக்குப் பின்னால் ஒளிந்து, பேசாமல், எனக்குள் இறங்கி, என் ஐம்பது வயதுக்காகக் காத்திருந்திருக்கிறது அந்தக் கயிறு! உடம்பு எவ்வளவு பொறுமைசாலி.

"அய்யே, இத்தினி நாளா பாவம் அந்தப் பேனாவ திட்டிக்கினு இருந்தேனே!" என்றாள் மனைவி.

கையைத் திறந்து அந்தப் படலத்தை எடுக்கலாம். அல்லது ஊசி முனையாலேயே உள்ளே கயிற்றை அறுக்கலாம். எனக்கு ஊசி போதும் என்றார் மருத்துவர். திரும்ப வராதா என்று கேட்டேன். "ராவச்சு. வரலாம். கியாரண்டி லேதண்டி."

மரப்பு மருந்தில் உள்ளங்கை மரத்தது. மகள் என் முழங்கைக்குக் கீழே இரு கையாலும் பிடித்திருந்தாள். "ஷாக் அடிச்சா மாதிரி இருந்தா உடனே சொல்லுங்க, பக்கத்துலயே நரம்பு ஓடுது" என்றபடி மருத்துவர் ஊசி முனையால் உள்ளே நுணுக்கமாக அறுத்தார். பிறகு விரலைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினார்.

டப்.

அவரைக்காய் ஒடிப்பது போல. என் கைக்குள்ளிருந்து. மனைவி "அம்மாடி!" என்று சுவரோரம் போனாள். ஆனால் எல்லோருக்கும் முன்னால் விரிந்தவை மகளின் கண்கள். அந்த ஒலி என் எலும்பில் ஏறி அவள் கைக்குள் போயிருந்தது. ஒரு கையை விடுவித்து, 'அதான் சத்தமா?' என்று கேட்டாள். தலையசைத்தேன். மறுபடியும் டப். அவள் கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாவதற்காகக் காத்திருந்தாள்.

மோதிரவிரல் நேராகப் படுத்திருந்தது. யாருடைய விரலோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரல் பாதிவரைதான் வந்தது. மூட்டே இறுகிவிட்டது, இதற்குமேல் இழுக்கக் கூடாது என்றார் மருத்துவர். விரல் மறுபடி மடங்காமலிருக்க, தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு அச்சுப்பட்டை கொடுத்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு. "நாயுடுபேட்டா, நாயுடுபேட்டா!" என்று கத்துகிறார் கண்டக்டர். ஹாரன், கோவிந்தா கோஷம், மொட்டைத் தலைகள், ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல் ஊரே காதுக்குள் கத்திக்கொள்கிறது. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை தலைகளுக்கு மேலாக, பிளாஸ்திரி போட்ட கையை உயர்த்திக் கன்னத்தில் வைத்தேன். உள்ளங்கை, நீண்ட நாளைக்குப் பிறகு, முழுதாக என் முகத்தில் ஒட்டியது. சுண்டுவிரல் மட்டும் கொக்கியாக எட்டி நின்றது.

அவள் உற்றுப் பார்த்தாள். பஸ் நகர்ந்தது. தன் கையைக் கன்னத்தில் வைத்துப் பெயரைத் திருப்பிச் சொன்னாள், என்னைப் போலவே சுண்டுவிரலை வேண்டுமென்றே வளைத்துக்கொண்டு. குறும்பு.

அன்றிலிருந்து அவள் தன் பெயரை அப்படித்தான் சொல்கிறாள்.