நிங் அக்காவின் ஒற்றை வரி

தன் அட்டை உருவப்பட்டதும் நிங் அக்கா முதலில் செய்வது, சட்டைக் கைகளை முழங்கைவரை மடித்துவிடுவது. பாத்திரம் தேய்க்கப் போகிறவர் மாதிரி இருக்கும். பிறகுதான் எழுந்து நிற்பார். எங்கள் மாலைநேரச் சட்டக் கல்லூரியில் ஒவ்வொருவருக்கும் படம் ஒட்டிய ஓர் அட்டை உண்டு. பேராசிரியர் வில்யாரோசா அவற்றைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து ஒன்றை உருவுவார். யாருடையது வருகிறதோ அவர் கேள்வி தீரும்வரை நிற்க வேண்டும். அந்த நேரத்தில் வகுப்பே தலையைக் குனிந்து சிலுவை போட்டுக்கொள்ளும். அக்கா மட்டும் கண் கொட்டாமல் அட்டைக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முழுப்பெயர் லுனிங்னிங் மக்பனுவா. வயது முப்பத்தெட்டு, சொந்த ஊர் இலோயிலோ பக்கம். கல்லூரியில் சேர்ந்த வாரமே ஊரில் எல்லோரும் 'அட்டர்னி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னும் பாஸே பண்ணலடா, அதுக்குள்ள கோழி திருடுன கேஸு, வேலிச் சண்டைக் கேஸெல்லாம் போன்ல வருது" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பில் பாதி பெருமை.

சட்டத்துக்கு வருவதற்கு முன்பு வளைகுடாவில் ஒரே வீட்டில் ஏழு வருடம் வேலைக்காரி. போன அன்றே எஜமானி பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மாதம் தவறாமல் அக்கா அதைக் கேட்பாராம். "எண்பத்து நாலு தடவை கேட்டேன். எண்பத்து மூணு தடவை இல்லைன்னுட்டாங்க" என்பார். சொல்லும்போது சிரிப்பார். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வராது.

பகலில் கேஸோன் நகர மண்டபத்துக்கு எதிரே ஒரு நோட்டரி வக்கீலிடம் தட்டச்சு வேலை. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்கள் ஒப்பந்த நகலோடு அங்கே வருவார்கள். அக்கா அதைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "உன் பாஸ்போர்ட்டு யாருகிட்ட இருக்கணும்னு இதுல எங்கம்மா எழுதியிருக்கு? காட்டு பாப்போம்." அந்தப் பெண் திருதிருவென்று விழிப்பாள். முத்திரைக்கு வந்தவள் முக்கால் மணி நேரம் பாடம் கேட்டுவிட்டுப் போவாள். நோட்டரிக்கு இதில் கடுப்புதான். ஆனால் எழுத்துப் பிழை இல்லாமல் தட்டச்சு செய்ய அவருக்கு வேறு ஆள் கிடைப்பதில்லை.

சர்வதேசச் சட்டம் என்றால் எங்கள் வகுப்பில் ஒரு இளக்காரம். வக்கீலாவதற்கு எழுதும் பார் தேர்வில் அதற்கு மதிப்பெண் கொஞ்சம்தான். "அதைப் படிச்சுட்டு எந்தக் கடல்லக்கா போய் கட்சிக்காரனைத் தேடுவீங்க?" என்று ஒருநாள் நானே சீண்டினேன். அக்கா கையிலிருந்த பந்தேசால் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டார். "கட்சிக்காரங்க ஒரு கோடிப் பேரு கடல் தாண்டி நிக்கிறாங்கடா. வக்கீலுங்க நீங்கதான் இந்தக் கரையிலயே உக்காந்திருக்கீங்க."

வீட்டுப் பணியாளர்களுக்கென்று ஒரு சர்வதேச உடன்படிக்கை உண்டு. உலகத்தில் இரண்டாவதாக அதற்கு ஒப்புதல் தந்தது எங்கள் நாடு. அதை மீறுகிறவர்களை எப்படிப் பிடித்துக் கேட்பது என்று ஜெனீவாவில் ஒரு வருடம் படிக்க வேண்டும் என்பதே அக்காவின் ஆசை. இந்த வருடம் அங்குள்ள ஒரு கல்வி நிறுவனத்தின் உதவித்தொகையால் வழி திறந்தது. படிப்பு, தங்குமிடம், விமானச் சீட்டு எல்லாம் அவர்கள் செலவு. ஒரு கல்லூரியிலிருந்து ஒருவர்தான். வகுப்பில் முதலிடம் என்பதால் அக்காவின் பெயரே தேர்வாயிற்று. ஆனால் விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் வில்யாரோசா கையெழுத்திட வேண்டும். கடைசி நாள் நான்கு மணிக்கு அக்கா அவர் அறைக்குப் போனார். ஐந்து மணிக்குக் கெடு முடிகிறது. வருகைப் பதிவு விஷயமாக நானும் அங்கே நின்றிருந்தேன்.

பேராசிரியர் இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். "ஏழு ஆண்டுகள் வீட்டு வேலைக்காரியாக இருந்தேன்" என்று அங்கே விண்ணப்பக் கட்டுரை தொடங்கியிருந்தது.

"இந்த வரி எதுக்கும்மா? 'வெளிநாட்டுப் பணி அனுபவம்'னு போடு. பொய் இல்லையே?"

"பொய் இல்ல சார். என்ன பணின்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

"அதான் சார் வருத்தம். யாருமே கேக்கறதில்ல."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அங்க வர்றவங்க தூதர் வீட்டுப் பிள்ளைங்க, நீதிபதி வீட்டுப் பிள்ளைங்க. நம்ம கல்லூரி பேரையும் பாக்கணுமில்ல?"

"அந்தப் பிள்ளைங்களைத் தூக்கி வளத்ததே எங்க ஆளுங்கதான் சார்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். பென்சிலை எடுத்து அந்த வரியின்மேல் அழுத்தி ஒரு கோடு போட்டார். "மாத்தி எடுத்துட்டு வா, கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்றார். மணி நாலரை. பக்கத்துக் கடையில் பத்து நிமிடத்தில் மாற்றி அச்செடுத்துவிடலாம். போய்விட்டு வாங்கக்கா என்று என் மனசு கெஞ்சியது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா நகரவில்லை. பேராசிரியருடைய மேசையிலிருந்தே ரப்பரை எடுத்தார். தாள் கசங்காமல் இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோட்டை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நிதானமாக அழித்தார். அச்செழுத்து கறுப்பாக அப்படியே இருந்தது. சிதறிய ரப்பர் தூளை கை விளிம்பால் கூட்டி, மறு கையில் ஏந்தி, குப்பைக்கூடையில் போட்டார். பிறகு பேராசிரியரின் பேனா மூடியைக் கழற்றி, பேனாவைத் தாளின்மேல் வைத்து, அவர் பக்கம் தள்ளினார்.