மூன்று ஜோக்கரோடு ஸ்கூட்

தஞ்சாவூரில் அலுவலகம், மயிலாடுதுறையில் வீடு. பன்னிரண்டு வருடமாக மாலை பாசஞ்சரில் கடைசிக்கு முந்தைய பெட்டியில் ஏறுகிறேன். அங்கே சீசன் டிக்கெட்காரர்கள் மூன்று பேர் ரம்மி ஆடுவோம்: நான், கும்பகோணத்தில் இறங்கும் கணக்கு டீச்சர், இன்னொரு அலுவலகத்தின் கண்காணிப்பாளர். காசு கிடையாது, புள்ளிதான். ஜெயித்தவருக்குப் புள்ளி இல்லை, தோற்றவர்களுக்கு ஏறும். ஒரு வாரத்தில் முதலில் நூற்றொன்றைத் தாண்டுபவர் மறுவாரம் முழுக்க நின்றுகொண்டு வர வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவர் கண்காணிப்பாளர்.

ஆவணியில் ஒரு வாரம் நான் நின்றேன். என் ஜன்னலோர இடத்தில் அவர் உட்கார்ந்தார். நிற்பவர்கள் உட்கார்ந்திருப்பவர் மடியில் பையைக் கொடுப்பது ரயிலில் வழக்கம். நானும் கொடுத்தேன். ஐயம்பேட்டை தாண்டியதும் அவர் பையைத் திறந்து என் டைரியை எடுத்தார். ஆட்டக் குறிப்புகள் இருக்குமென்று நினைத்தாராம். கையில் கிடைத்த பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்.

"இன்றும் அவள் பேசவில்லை. பதினோராவது நாள்."

அவள் என் மனைவி. அவளுடைய அண்ணன் முன்னால் நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகப் பேச்சை நிறுத்தியிருந்தாள். இது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். பெட்டியில் நாற்பது பேருக்குத் தெரிந்தது. சிலர் சிரித்தார்கள். டீச்சர் மட்டும், "அத மூடுங்க சார்" என்றார்.

மறுநாள் நான் ஏறியவுடனே அவர் கேட்டார்: "வாங்க சார். இன்னிக்கு எத்தனாவது நாளு?"

பத்தொன்பதாவது நாள் என் மனைவி பேசினாள். அவர் நிறுத்தவில்லை. என் தண்டனை வாரம் முடிந்தும் ஜன்னலோர இடத்தைத் திருப்பித் தரவில்லை. "உங்களுக்கு எதுக்கு சார் காத்து? வீட்லதான் அமைதியா இருக்கே!" என்பார். நான் எதிர்வரிசையில் உட்கார்ந்தேன். அவரை எழுப்பி நிற்க வைக்க வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தேன்.

அதற்காகத் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இரண்டரை மாதம் அவர் ஆட்டத்தை மட்டும் எழுதினேன். கை மோசமாக இருந்தால் அவர் வாய் ஓயாது. ஒரே ஒரு சீட்டு பாக்கி என்றால் பேச்சு நின்றுவிடும். சீட்டுகளைக் கட்டாக மூடிப் பிடித்துக்கொண்டு வயலைப் பார்ப்பார். இருபத்து மூன்று முறை அப்படி மௌனமானார். அதில் இருபத்தொரு முறை இரண்டு சுற்றுக்குள் 'ஷோ' என்று சீட்டை இறக்கி ஆட்டத்தை முடித்தார். இன்னொன்றையும் எழுதினேன். ஆட்டத்திலிருந்து விலகுவதை ஸ்கூட் என்போம். நான் ஸ்கூட் போட்டு மூடிவைத்த சீட்டுகளை ஒவ்வொரு முறையும் அவர் புரட்டி எல்லோருக்கும் காட்டிக் கேலி செய்வார். அது முறையல்ல. நான் ஒருமுறைகூடத் தடுத்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் தொண்ணூற்றிரண்டு புள்ளி. நான் ஐம்பத்தெட்டு. டீச்சர் நாற்பது. இன்னும் பத்துப் புள்ளி ஏறினால் அவர் காலி.

பசுபதிகோயிலில் கையில் வந்த சீட்டுகளைப் பார்த்ததும் என் காது சூடானது. மூன்று ஜோக்கர், நான்கு ஒன்பது, சிவப்பு ஆட்டினில் ஐந்தும் ஆறும். ஜோக்கர் கலக்காமல் வரிசையாகச் சேரும் மூன்று சீட்டைத்தான் ஒரிஜினல் என்போம். அது இல்லாமல் ஷோ கிடையாது. எனக்கு ஆட்டினில் நாலு அல்லது ஏழு வந்தால் ஒரிஜினல் சேர்ந்து ஆட்டம் முடிந்துவிடும். என் கையாலேயே அவரை எழுப்பலாம். இரண்டரை மாதமாக நான் ஆசைப்பட்டது இதைத்தான்.

நான்காவது சுற்றில் அவர் பேச்சை நிறுத்தினார். வெளியே பார்த்தார்.

நோட்டு என் பைக்குள் இருந்தது. திறந்து பார்க்கத் தேவையில்லை. அவர் ஷோ போட்டால், ஒரிஜினல் இல்லாத எனக்கு முழுதாக எண்பது ஏறும், நூற்று முப்பத்தெட்டு. நான் நிற்பேன், அவர் ஜன்னலில் இருப்பார். இப்போதே விலகினால் நாற்பதுதான், தொண்ணூற்றெட்டில் தப்புவேன். ஆனால் மூன்று ஜோக்கர் வைத்திருக்கிற எவனும் விலகமாட்டான்.

டீச்சரைப் பார்த்தேன். அவர் கிளாவர் எட்டையும் பத்தையும் கீழிருந்து எடுத்திருந்தார். நடுவில் வரவேண்டிய ஒன்பதுக்காகக் காத்திருந்தார். இரண்டு கட்டுச் சீட்டில் கிளாவர் ஒன்பது இரண்டுதான். இரண்டும் என் கையில்.

புரட்டினால் முதலில் தெரியும்படி அவற்றை அடுக்கி, கட்டை மூடிப் பெஞ்சில் வைத்தேன். "ஸ்கூட்" என்றேன்.

கண்காணிப்பாளர் உடனே புரட்டினார்.

"ஐயய்யோ! டீச்சர், இந்தக் கொடுமையப் பாருங்க! மூணு ஜோக்கரு! மூணு ஜோக்கர வச்சுகிட்டு ஸ்கூட் போட்டிருக்காரு மனுஷன்! இவருகிட்ட வீட்ல பேசாம இருந்ததுல என்னங்க தப்பு?"

பக்கத்துப் பெஞ்சில் எட்டிப் பார்த்தார்கள். அவர் என் சீட்டுகளை விசிறிபோல விரித்துச் சுற்றிலும் காட்டினார்.

"கீழ வைங்க சார், ஆட்டம் முடியல" என்றார் டீச்சர். ஆனால் இரண்டு ஒன்பதையும் பார்த்துவிட்டார். அடுத்து எடுத்த கிளாவர் ஜாக்கியை வைத்துக்கொண்டு, அதுவரை விடாமல் பிடித்திருந்த எட்டைக் கீழே போட்டார்.

கண்காணிப்பாளர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு சீட்டு எடுத்தார், வேண்டாமென்று அதையே போட்டார். கிளாவர் ராணி. டீச்சர் எடுத்தார். பத்து, ஜாக்கி, ராணி.

"ஷோ."

கண்காணிப்பாளர் கையில் சேராமல் நின்றவை இரண்டு ராஜா. இருபது புள்ளி. நூற்றுப் பன்னிரண்டு. அவர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். நான் ஒரே தடவையில் எழுதிவிட்டேன்.

கும்பகோணத்தில் இறங்கும்போது டீச்சர் என் பக்கம் குனிந்தார். "ரெண்டு ஒம்பதையும் மேல வச்சது வேணும்னேதான?"

"ஆமாங்க."

"அந்தாளு பண்ணதும் தப்புதான். ஆனா என்னைய வச்சு அடிச்சிருக்கீங்க. எனக்குப் பிடிக்கல சார்."

திங்கட்கிழமை நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்காணிப்பாளர் நின்றார். எத்தனாவது நாள் என்று கேட்கவில்லை. செவ்வாயும் அப்படியே. மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த நல்ல இரண்டு மாலைகள் அவை.

புதன்கிழமை முகூர்த்த நாள். பெட்டியில் கால் வைக்க இடமில்லை. பாபநாசம் வரும்போது அவர் இரண்டு கையாலும் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு என்னைவிட ஆறு வயது அதிகம். முழங்காலில் பட்டை போட்டிருந்தார்.

"சார், கும்பகோணம் வரைக்கும் கொஞ்சம் நகர்ந்துக்குங்களேன். முட்டி ரொம்ப வலிக்குது."

நகர இடம் இருந்தது. அதில் என் பை இருந்தது.

"திங்கக்கிழமை உக்காருங்க சார். விதி உங்களுதுதான" என்றேன்.

பக்கத்துப் பெஞ்சில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் எழுந்தார். "நீங்க இங்க உக்காருங்க சார்" என்று தன் இடத்தை அவருக்குக் கொடுத்தார். விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கும்பகோணம் வரை நின்றார். சீட்டுக் கட்டு அவர் பையில்தான் இருக்கும். அன்று அதை வெளியே எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் இருவரும் பெட்டி மாறிப் போனார்கள்.

புதன்கிழமைக் குறிப்பு டைரியில் ஒரே வரி: அவர் கேட்டார், நான் நகரவில்லை. எழுதியதில் தவறு இருந்தால் பிற்பாடு அடித்துத் திருத்துவது என் பழக்கம். இந்த வரியைப் பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். திருத்த எதுவும் இல்லை.