மச்சான் கொண்டுவந்த வாழைக்கன்றுகள்

2012இல் நான் சிதம்பரத்தில் ஒரு பயிர்நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். செம்மண்டலத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். முந்தைய ஆண்டின் கடைசியில் அடித்த புயல் எங்கள் பக்கத்து வாழைகளைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. மறுபடி கன்று நட்டவர்களின் தோட்டங்களுக்குப் போய், நோய் இருக்கிறதா என்று அங்கேயே சோதித்துச் சொல்வதுதான் அந்த ஆண்டு என் வேலை.

சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டார். கன்று வளராமல் நிற்கிறது, உரம் போதவில்லையோ என்று கேட்டார். போனபோது அவரும் அவர் மனைவியும் வரப்பில் காத்திருந்தார்கள். திட்டக்குடியிலிருந்து அக்காவைப் பார்க்க வந்திருந்த மனைவியின் தம்பியும் உடன் இருந்தார்.

தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இலைகள் ஒடுங்கி, விறைத்து, உச்சியில் கொத்தாகச் சேர்ந்து நின்றன. காம்பைத் திருப்பிப் பார்த்தேன். கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக ஓடியிருந்தது. முடிக்கொத்து நோய். மருந்தே கிடையாது.

ஆனால் பாதித் தோட்டம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அந்தக் கன்றுகளில் இலைத் துண்டு கிள்ளி, திரவம் ஊற்றிய பையில் நசுக்கி, சோதனைப் பட்டையை நனைத்தேன். ஒரு கோடு வந்தால் நோயில்லை. இரண்டு கோடு வந்தால் நோய். ஒவ்வொரு பட்டையிலும் இரண்டாவது கோடு மெல்லச் சிவந்து வந்ததை மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கன்னு எங்க வாங்குனீங்க?" என்று கேட்டேன். வந்த இடத்தையும் சோதித்தாக வேண்டும்.

"சந்தையிலதான் மேடம்," என்றார் விவசாயி சட்டென்று. "யாரோ வண்டியில கொண்டாந்து வித்தாங்க."

அவர் மனைவி தரையைப் பார்த்தார். தம்பிதான் பேசினார்.

"எதுக்கு மாமா பொய் சொல்றீங்க? நான்தான் மேடம் கொண்டாந்தேன். புயல்ல இவுங்களுக்கு எல்லாம் போயிடுச்சு. எங்க தோட்டத்துல நல்ல கன்னாப் பாத்து நானே தோண்டி, நானே வந்து நட்டுட்டுப் போனேன்."

"நீ என்னா தெரிஞ்சா செஞ்ச மச்சான்? விடு," என்றார் விவசாயி.

தம்பி அதைக் காதில் வாங்கவில்லை. "அப்ப எங்க தோட்டமும் போச்சா மேடம்?" என்று கேட்டார். பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன்.

மறுநாள் திட்டக்குடி போனேன். குலை தள்ளும் வயதில், பூவன் வாழை கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்றிருந்தது. அங்கும் பல மரங்களில் இரண்டு கோடு. "பட்டை தப்பாக் காட்டாதா மேடம்?" என்றார் தம்பி. அவருக்காகத் திரும்பவும் செய்து பார்த்தேன். அதே கோடு. நோயைப் பரப்பும் அசுவினிப் பூச்சி பறந்து போகாமலிருக்க, குருத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் கிழங்கோடு தோண்டச் சொன்னேன். தலையாட்டினார். மண்வெட்டியை எடுத்து வந்தவர், முதல் மரத்தின் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். நான் வண்டியில் ஏறும்வரை ஒரு வெட்டுகூட விழவில்லை.

மழைக்காலத்தில் அவர் அக்காவைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இரண்டு தோட்டத்தையும் அழித்தாகிவிட்டதாம். அக்கா வீட்டில் உளுந்து போட்டிருந்தார்கள்.

"அவன் எங்க வூட்டுக்கு வர்றதே இல்ல மேடம். நாங்க போனாலும் கொல்லைப்பக்கமாப் போயிடுறான். எங்க வூட்டுக்காரரு ஒரு வார்த்த சொன்னதில்ல. நீங்க சொன்னா கேப்பான். கண்ணுக்குத் தெரியாத நோய்தான்னு சொல்லுங்களேன்." கண்களைத் துடைத்துக்கொண்டு தம்பியின் நம்பரைக் கொடுத்தார்.

அன்றே போன் செய்தேன். நோய் வெளியே தெரியப் பல நாளாகும், நானே வெறும் கண்ணால் பார்த்திருந்தால் அந்தக் கன்றுகளை நல்லவை என்றுதான் சொல்லியிருப்பேன் என்று விளக்கினேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"தெரியும் மேடம். அக்காவும் அதான் சொல்லுது," என்றார். "அவுங்க திட்டியிருந்தா அங்க போயிருப்பேன் மேடம்."

போனை வைத்துவிட்டார்.