பள்ளத்துப் பக்கத்து ஆள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. சின்ன ர, பெரிய ற இரண்டும் எங்கே வரும் என்பது இன்றும் எனக்குக் குழப்பம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் எங்கள் ஊர் மைதானத்தை ஜேசிபி வைத்துச் சமப்படுத்தினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து பழைய ஃபுட்பால் ஆட்டம் ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மலைமேல், ஜமுனாமரத்தூர் தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். மைதானம் என்று பெயர்தான், சரிவான நிலம் அது. ஒரு பக்கம் மேடு, எதிர்ப்பக்கம் பள்ளம். இடது, வலது என்று நாங்கள் சொன்னதே இல்லை. முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் என் பெரியம்மா மகன், அவர்தான் கேப்டன். மேட்டில் ஒரு தையல்காரர். பள்ளத்தில் நான். யார் உதைத்தாலும் பந்து கடைசியில் உருண்டு என்னிடம் வரும். நான் தூக்கிக் கொடுப்பேன், அண்ணன் கோல் அடிப்பார். பந்து கொடு என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு வருடம் மலைக்குக் கீழே ஆலங்காயத்தில் டோர்னமென்ட் இறுதி ஆட்டம். வாணியம்பாடியில் தோல் வேலை செய்கிறவர்களின் டீம் எதிரில். தரை கேரம் போர்டு போல இருந்தது. எங்கே நிற்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

"அண்ணா, இதுல எது பள்ளம்?"

"கடைங்க இருக்கிற பக்கத்த பள்ளம்னு வெச்சுக்கடா."

வைத்துக்கொண்டேன். பந்துக்கு அது தெரியவில்லை. பாதி ஆட்டம் வரை ஒரு தடவைகூட என்னிடம் வரவில்லை. கோலும் விழவில்லை.

இடைவேளையில் அண்ணன் சோடாவைக் குடித்துக்கொண்டே திட்டினார். "இன்னாடா, பந்துக்குப் பத்திரிகை வெச்சு அழைக்கணுமா? வாயத் தொறந்து கேளு!"

"நம்ம ஊர்ல தானா வருமேண்ணா."

"இங்க வராது. இன்னொரு தபா சும்மா நின்னின்னா வெளிய உக்கார வெச்சிருவேன்."

மலையிலிருந்து இரண்டு வேன் நிறைய எங்கள் ஜனம் வந்திருந்தது. அவர்கள் முன்னால் வெளியே உட்கார முடியாது. கீழூர்க்காரர்கள் முன்னால் கத்தவும் கூச்சம். இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடியப் போகும் நேரம். அண்ணன் காலில் பந்து, அவருக்கு முன்னால் இரண்டு பேர். என் பக்கம் யாருமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"அண்ணா! எனக்குத் தா!"

குரல் எனக்கே புதிதாக இருந்தது. அந்த இரண்டு பேரில் ஒருவர் திடுக்கிட்டு என்னை நோக்கி ஓடி வந்தார். அவர் விட்ட சந்தில் அண்ணன் புகுந்து அடித்தார். கோல்.

ஓடி வந்தவர் என் முன்னால் நின்று மூச்சு வாங்கினார். "இன்னா பாய், உனுக்கு வாய் இருக்குதா! அத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

ஜெயித்துவிட்டோம். வேன் மலை ஏறும்போது அண்ணன் என் தோளில் கை போட்டு எல்லோரிடமும் சொன்னார். "நான் அடிச்ச கோலு இல்லடா இது. இவன் பந்து கேக்கற மாதிரி கத்தி ஆள இழுத்தான் பாரு, அங்கதான் ஜெயிச்சோம். இன்னா மூளை இவனுக்கு!"

எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாண்ணா" என்றேன்.

அதன் பிறகு அதுவே எங்கள் டீமின் தந்திரம் ஆகிவிட்டது. நான் கத்துவேன், பந்து வேறு பக்கம் போகும். நாலு வருடம் தொண்டை வற்றக் கத்தினேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஆலங்காயத்தில் அன்று நான் நிஜமாகவே பந்தைத்தான் கேட்டேன். அண்ணனிடம் இதுவரை சொல்லவில்லை. இந்தத் தாளை நாளைக்கு அவரிடம் கொடுக்கப் போகிறேன்.

11.8.2024, ஞாயிற்றுக்கிழமை