பன்னீர் இலைத் தொட்டி

பாபநாசத்துக்குத் தெற்கே நாலு மா குத்தகை நிலத்தில் பாடுபடுகிற வைரக்கண்ணுவுக்கு நெல்லைத் தவிர வேறெதுவும் தெரியாது. சோறு வடிக்கவே அறுபத்திரண்டு வயதில்தான் கற்றுக்கொண்டார்.

மனைவி பூவம்மாளுக்கு வயிற்றில் கட்டி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து உலை கொதிக்கிற வாசனை பட்டாலே அவளுக்குக் குமட்டியது. நாற்பது வருஷம் அவளே நட்டு, அறுத்து, வடித்த அரிசி! வைரக்கண்ணு அடுப்பை மாட்டுக்கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அப்படியும் கஞ்சியைக் கண்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாப்பிட்டு உடம்பு தேறினால்தான் அடுத்த மருந்து என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வழி காட்டியவள் அதிராம்பட்டினத்து சாஜிதா. பக்கத்துக் கட்டிலில் இருந்த தன் அக்காவுக்குத் துணையாக வந்திருந்தாள். ஊட்டியில் நர்சரி வைத்திருக்கும் தம்பி அனுப்பியதென்று சொரசொரப்பான ஓர் இலையைக் கசக்கி, பூவம்மாளின் மூக்கருகே பிடித்தாள். பன்னீர் தெளித்தது போல ஒரு வாசனை. அன்றைக்குப் பூவம்மாள் அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். வைரக்கண்ணு வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

அடுத்த தடவை சாஜிதா தொட்டியோடு செடியையே கொடுத்தாள்.

"ஜெரேனியம்னு பேரு அண்ணே. மலைச் செடி. மண்ணு நல்லாக் காஞ்சப்புறம் ஒரு டம்ளர் தண்ணி ஊத்துங்க, போதும். அதுக்கு மேல ஊத்துனா அழுகிடும்."

"ஒரு டம்ளர்தானேம்மா" என்று வைரக்கண்ணு பெரிதாகத் தலையாட்டினார்.

கிணற்றடி நிழலில் தொட்டியை வைத்தார். வேளைக்கு ஓர் இலை கிள்ளுவார். கசக்கி அவள் கையில் கொடுப்பார்; அவள் அதை முகர்ந்துகொண்டே விழுங்குவாள். சக்கையையும் வீணாக்காமல் வெந்நீரில் போட்டு அவள் முகத்தைத் துடைத்துவிடுவார். மூன்று வாரம் இப்படி ஓடியது. இரண்டு கிலோ ஏறியிருந்தாள்.

பிறகு வெயில் ஏறியது. தொட்டி மண் வெடித்தது. மண் வெடித்தால் பதறுகிற கண் அது. ஐம்பது வருஷப் பழக்கத்தை ஒரு பெண்பிள்ளை சொன்ன ஒரு வார்த்தை என்ன செய்துவிடும்? ஒரு டம்ளர் ஒரு சொம்பானது. இலை மஞ்சளித்தது. பயிர் மஞ்சளித்தால் என்ன செய்வாரோ அதையே செய்தார்: வாய்க்கால் வண்டலை அள்ளிப் போட்டு, ஒரு சிட்டிகை யூரியா தூவி, தொட்டி நிறையத் தண்ணீர் கட்டினார். செல்லம் கொடுத்தே கெடுத்தார் மனுஷர். நாலாம் நாள் தண்டு அடியில் கறுத்து, தொட்டதும் சாய்ந்தது.

இன்னொரு செடி கேட்டு சாஜிதாவுக்குப் போன் போட்டார்.

"அக்கா மவுத்தாயிட்டாங்க அண்ணே. இன்னிக்கு ஆறாவது நாள். தம்பியும் இங்கதான் இருக்கான். நாப்பதாம் நாள் முடிச்சுத்தான் ஊட்டிக்குப் போவான். செடிக்குத் தண்ணி அதிகமா ஊத்துனீங்களா?"

"கொஞ்சம்தாம்மா" என்றார். அவளிடம் துக்கம் விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை. பூவம்மாளுக்கு அடுத்த மருந்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

தொட்டியில் உதிர்ந்து கிடந்த கடைசி இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்தார். சேற்று வாசனைதான் வந்தது. இருந்தாலும் கொண்டுபோய் அவள் கையில் வைத்தார். பூவம்மாள் கண்ணை மூடி நீளமாக இழுத்தாள்.

"வாசனை வருதுங்க."

அவருக்காக நாலு மடக்கு கஞ்சி குடித்தாள். ஐந்தாவது மடக்கில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் பாத்திருந்தாலும் தண்ணி ஊத்தத்தான் சொல்லியிருப்பேன். காஞ்சு கெடந்தா மனசு கேக்குமா?"

மிச்சக் கஞ்சியை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தார் வைரக்கண்ணு. மறுவேளைக்கு என்ன செய்வது என்று அவளே சொன்னாள்.

"இனிமே உங்களுக்கு மட்டும் உலை வையுங்க."