யாரும் கேட்காத காய்

கேழ்வரகு விதைத்தவனிடம் யாரும் வந்து ஒரு படி அள்ளிக்கொண்டு போவதில்லை. கத்தரி நட்டவன் கதை வேறு. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷங்களில், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில், கிணற்றை ஒட்டிய துண்டு நிலத்தில் கத்தரியும் வெண்டையும் வைத்திருந்தேன். ஊரில் பாதிப்பேர் பங்காளி, மீதிப்பேர் மாமன் மச்சான். "குழம்புக்கு நாலு காய்" என்பார்கள். கையில் முறம் இருக்கும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். 'தரமாட்டேன்' என்ற சொல்லை நான்காம் வகுப்பில்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. கொடுக்காவிட்டால் நாளைக்கு நம் வீட்டுப் பாடையைத் தூக்க ஆள் வராதே என்று பயம். வீட்டில் எல்லோரும் திடமாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் பயம்.

உள்ளூரே வேண்டாமென்று பாரவண்டியில் இடம் கேட்டுத் தர்மபுரிச் சந்தைக்குப் போனேன். சாக்கை விரித்ததும் முதல் ஆளாக எதிரே நின்றவர் என் பெரியப்பா. அவருக்கு அங்கே என்ன வேலையென்று இன்றுவரை தெரியாது. "நம்ம வூட்டுக் காயி இருக்கறப்ப வெளியில எதுக்குடா வாங்கறது?" என்று துண்டை விரித்தார். போணியே ஓசி.

என் மனைவி ஒரு முடிவோடு பேசினாள். இன்னும் ஒரு போகம் பார்ப்பாளாம். அதுவும் முறம் முறமாகப் போனால் செடியைப் பிடுங்கிவிட்டுக் கேழ்வரகே நட்டுவிட வேண்டுமாம். தண்ணீர் இறைத்து அவள் கையும் காய்த்துப்போயிருந்தது. எனக்கோ அந்தத் தோட்டத்தை விட மனசில்லை.

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். எங்கள் பாரவண்டிக்காரர் ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். அவரிடம் சீமைத் தக்காளி விதை ஒரு பிடி இருந்தது. எங்கள் ஊரில் அதை யாரும் வாயில் வைத்ததில்லை. தின்றால் குடலைப் புண்ணாக்கும் என்று பேச்சு.

"யாரும் திங்காததாப் பாத்து நடுங்க" என்றாள்.

"யாரும் திங்காதத யாரு புள்ள வாங்குவாங்க?"

"அந்தக் கவலைக்குத்தான் நீங்க இருக்கறீங்களே."

இருந்தேன். நாற்று வாடுமோ என்று கவலைப்பட்டேன். வாடாமல் காய்த்தபோது, பழுக்காதே என்று வேண்டிக்கொண்டேன். பழுத்தது. பெரியப்பா வரப்பில் நின்று பார்த்து, பேய்க்குப் படைக்கவா என்று கேட்டார். முறம் வெறுமையாகத் திரும்பிப் போனது. முதல் தடவையாக என் விளைச்சல் முழுவதும் என்னிடமே கிடந்தது. அதைவிடப் பெரிய பயம் வேறில்லை.

தர்மபுரியில் ஒரு காப்பி ஓட்டல். அதன் சமையல்காரர் பெங்களூரில் வேலை பார்த்தவர். கூடையை இறக்கியதும் ஒரு பழத்தை எடுத்து வேட்டியில் துடைத்து அப்படியே கடித்தார். விழுந்தால் தாங்கிக்கொள்ளப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் விழவில்லை. வாரம் இரண்டு கூடை வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பச் சொன்னார்.

கேழ்வரகுப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் அடுத்த போகம் பழுத்தபோது பெரியப்பா முறத்தோடு வந்துவிட்டார். அந்த ஓட்டலில் ரசம் குடித்துவிட்டாராம். ரசத்துக்கு நாலு பழம். என் வாய் 'எடுத்துக்கங்க' என்று சொல்லத் தொடங்கியும்விட்டது.

அதற்குள் வாய்க்காலில் இருந்து மனைவியின் குரல்: "அது நம்ம வூட்டுக் காயி இல்லீங்க மாமா. ஓட்டல்காரரு காயி. அவர ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்துக்கங்க."

பெரியப்பா முறத்தைக் கமுக்கட்டில் இடுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப நாத்தாச்சும் உன்னுதா?" என்றார்.

நாற்றுக் கொடுத்தேன். எல்லோரும் நட்டால் யார் வாங்குவது என்ற கவலை உடனே பிடித்துக்கொண்டது. அவருக்கு அப்படியொன்றும் இல்லை. அவர் தோட்டம் சிவந்த அன்று ஊரே முறத்தோடு அங்கே போனது.

என் மனைவியும் ஒரு முறத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். "போங்க. நம்ம பெரியப்பா வூட்டுக் காயிதானே."